பெரியப்பாவின்ட துவக்கு: முதல்ல ஆரிட்டப் போறது?

வெள்ளவத்தையில இருந்த பெரியப்பா போன மாசம் மோசம் போயிட்டார். அந்தியேட்டி முடிஞ்சு அலுமாரியை ஒதுக்கேக்க பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு கைத்துவக்கு. பிள்ளைகள் இல்லாத மனுசன்; வீடும் சாமானும் எனக்கெண்டு எழுதி வைச்சதில இதுவும் அடக்கம்.

என்ஃபீல்ட் ரிவோல்வர், .38, ஆறு குண்டு போடுறது. உடம்பில "நம்பர் 2 மார்க் 1", பக்கத்தில ஒரு நட்சத்திரம், 1942. சுத்தியலில பெருவிரலால இழுக்கிற கொம்பு இல்லை. 1942 எண்டா, ஏப்ரலில ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்ட அதே வருசம். அப்பப்பா அப்ப துறைமுகத்தில வேலை. லைசென்ஸ் ஒண்டும் கிடக்கு, கடைசியாப் புதுப்பிச்சது 1969. பிறகு 83, செக் பொயின்ற், வீடு வீடாச் சோதனை எல்லாத்தையும் தாண்டி இது டின்னுக்குள்ளயே இருந்திருக்கு. நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

பொலிசுக்குக் கோல் எடுத்தன், "கொண்டு வாங்கோ" எண்டினம். வழியில மறிச்சா என்ன சொல்றது? கடிதம் கேட்டன், தரேல்ல. தெரிஞ்ச லோயர் காணி வழக்குக்காரர், கையை விரிச்சிட்டார். கிராம சேவகருக்கும் தெரியேல்ல. ஒரு நூதனசாலைக்கு எழுதி மூண்டு கிழமை, பதில் இல்லை.

திறந்து பாக்கேல்ல, உள்ள குண்டு இருக்கோ தெரியாது. டின்னோட பூட்டி வைச்சிருக்கிறன். விக்கிற எண்ணம் இல்லை, விலை கேட்டு இன்பொக்ஸுக்கு வராதேங்கோ.

இப்பிடி லைசென்ஸ் காலாவதியான துவக்கை வழக்கில மாட்டுப்படாமல், ரசீதோட ஒப்படைச்ச ஆக்கள் இருந்தா, முதல்ல ஆரிட்டப் போனீங்கள்?