சூடானால் அணைந்துவிடும் கார், "எரர் எதுவும் இல்லை" என்கிறார்கள்

நண்பர்களே, இரண்டு மாதமாக இந்தக் காரோடு மல்லுக்கட்டுகிறேன். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், மேனுவல் கியர், 64,000 கிலோமீட்டர் ஓடியது. இருப்பது கோயம்புத்தூரில்.

காலையில் எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாற்பது நிமிடம் ஓடி நன்றாகச் சூடான பிறகு, பெரும்பாலும் சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் பட்டென்று அணைந்துவிடுகிறது. போன வாரம் அவிநாசி ரோட்டில் நட்டநடுவே நின்றுவிட்டது, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அப்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசைவதில்லை. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்கிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

கம்பெனி சர்வீஸில் மூன்று முறை விட்டாச்சு. முதல் முறை த்ராட்டில் பாடி கிளீனிங், அடுத்து ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது, அப்புறம் பேட்டரி. ஸ்கேனரில் எரர் கோட் வரவில்லை, அதனால் "பெட்ரோல் சரியில்லை சார், பங்கை மாத்துங்க" என்றார் அட்வைசர். மாற்றினேன், அதே கதைதான். சூடாக இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியைக் காலையில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு ஓகே என்கிறார்கள். பில் மட்டும் தவறாமல் வருகிறது. இப்போது வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்கு, எஞ்சின் சுற்றுவதை அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் சந்தேகம். பம்ப்புக்குக் காசு கொடுப்பதற்கு முன், அந்த சென்சார்தான் காரணமா என்று வண்டி சூடாக இருக்கும்போதே உறுதி செய்ய என்ன வழி?