மொரீஷியஸ் கரும்பு வயல்களின் கல்குவியல்கள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மொரீஷியஸ் விவசாயம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிமலையில் பிறந்த தீவு என்பதால் பல இடங்களில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். அதைப் பொறுக்கி வயல் நடுவே குவித்த மேடுகள் இன்றும் நிற்கின்றன. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் உழைப்பு அதில் நிறைய. நம் தமிழர்களும் உண்டு. புயலைக் கரும்பு ஓரளவு தாங்கும், அதனால் அங்கே நிலைத்துவிட்டது.

சரி, என் கேள்வி: இயந்திர அறுவடைக்காக மேடுகளை அகற்றினால் அந்தக் கல்லெல்லாம் எங்கே போகிறது? சரிவான நிலத்தில் மண் அரிப்பு கூடுகிறதா? அங்கே வயல் வைத்திருப்பவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பழைய படங்கள் கிடைத்தால் ரொம்ப நல்லது. பிரெஞ்சிலோ கிரியோலிலோ இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஒரு நண்பர் இருக்கிறார்.