புதுப்பிப்பு: மாமாவின் விபத்து வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது

லாரி மோதி அக்கா வீட்டுக்காரர் இறந்ததையும், இழப்பீடு கேட்க அவருடைய தச்சு வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று தவித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய மாத வருமானம் 18,000 ரூபாய் என்று ஏற்றுக்கொண்டது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கடைசிவரை மறுத்தார். வங்கிப் பாஸ்புக்கும், வேலை கொடுத்த இருவரின் சாட்சியமும்தான் கைகொடுத்தன.

கணக்கு இப்படி. வயது 38, சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி 25,200. அவரை நம்பியிருந்தவர்கள் நாலு பேர் (அக்கா, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா), அதனால் அவர் சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழித்து 18,900. 12 மாதம், அப்புறம் அந்த வயதுக்கான பெருக்கி (ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்து வகுத்த எண்) 15. மொத்தம் 34,02,000. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறை இதுதான். துணையை இழந்ததற்கும் ஈமச்செலவுக்கும் தனித்தொகை, வட்டியும் உண்டு.

வருமானத்தைக் குறைத்துக் காட்டி சமரசத்துக்கு அழைத்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் ஆயிரம் குறைந்தாலே எங்கள் கணக்கில் 1,89,000 போயிருக்கும்! மனு போட சட்டத்தில் 6 மாதம் என்றிருக்கிறது, அதையும் தள்ளிப்போடாதீர்கள். குடும்பம் வசிக்கும் ஊரிலேயே போடலாம்.

பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை வங்கி வைப்பில் இருக்கும். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது. செய்தால் எழுதுகிறேன்.