எச்.எம்.டி. என்.எச்.22 என்கிறார், பெயர்த் தகடு இல்லை. இது என்ன லேத்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். பம்ப்செட் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டுமென்றாலும் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் முதல் லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கப் பார்க்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒருவர் பழையது ஒன்றைக் காட்டி, எச்.எம்.டி. கம்பெனியின் என்.எச்.22 மாடல் என்கிறார். பெயர்த் தகடு இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருக்கிறது. பெயின்ட் புதுசு. பெட் (எல்லாம் உட்காரும் நீள அடிப்பகுதி) நாலரை அடி. எப்படி உறுதி செய்வது?

பதில் (பொள்ளாச்சி, டர்னர்):
தம்பி, பெயின்டை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். அந்த 22 என்பது சென்டர் உயரம், அதாவது பெட்டிலிருந்து சுழலும் மையம் வரை, 220 மி.மீ. டெயில் ஸ்டாக்கில் (பெட்டின் வலது பக்கம் நகரும் தாங்கி) சென்டர் என்ற கூர்முனைத் துண்டைச் செருகி, முனையிலிருந்து பெட் வரை அளந்து பாருங்கள். பெட்டுக்கு முன்னால் நீளமாக இருக்கும் லீட் ஸ்க்ரூவைத் துடைத்து, ஸ்கேல் வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். பெட்டின் டெயில் ஸ்டாக் பக்க நுனியில் பல கம்பெனிகள் நம்பர் அடிப்பதுண்டு. பெயின்டைச் சுரண்டி சாக்பீஸ் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து தெரியும்.

கேட்டவர்:
அளந்தேன் அண்ணா. 165 மி.மீ., அங்குலத்துக்கு 4 மரை. நம்பர் எதுவும் இல்லை. கியர் டப்பாவில் 127 பல் கியர் ஒன்று கிடக்கிறது.

பதில் (பொள்ளாச்சி, டர்னர்):
ஆறரை அங்குலம். அப்படியென்றால் என்.எச்.22 இல்லவே இல்லை. பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பக்கம் இந்த அளவில் நிறையச் செய்கிறார்கள், அந்த வகையாக இருக்கலாம். பம்ப் ஷாஃப்டுக்கு அது போதும், ஆனால் எச்.எம்.டி. விலை கொடுக்காதீர்கள். வாங்கினால் அந்த 127 கியரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட அதுதான் வேண்டும்.

பதில் (சித்தூர், பாலக்காடு):
பெயரைவிட பெட் முக்கியம். நான் முதலில் வாங்கியதில் பேரிங் உட்காரும் இடமெல்லாம் டேப்பராகவே (ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சிறுத்து) வந்தது, ஒரு வருஷம் கஷ்டப்பட்டேன். கேரேஜை (வெட்டும் டூலைத் தாங்கி பெட்டில் ஓடும் பகுதி) சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) பக்கம் கொண்டுபோய், லாக்கை லேசாக இறுக்கி, டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். போகப் போக இறுகினால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டவர்:
இன்று போய் ஓட்டினேன். சக் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. நடுவுக்கு வரும்போதே ஹேண்ட் வீல் நின்றுவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சூலூரில் ஒரு ஆறடி லேத் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் அளவெடுத்து இங்கேயே போடுகிறேன்.