வருடத்துக்கு ஒரு பெட்டி: அங்கத்தவருக்கு மட்டும் வரும் மாடல் ரயில் பெட்டிகள், உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்கி வைக்கிறேன். வீடு திருமலையில், உட்துறைமுக வீதிப் பக்கம். சித்தப்பா ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட்டுக்குக் கிட்ட இருக்கிறார். மாடல் ரயில் செய்யும் மெர்க்லின் கொம்பனி இருக்கும் கோப்பிங்கன் அங்கிருந்து அதிக தூரமில்லை, அந்தப் பழக்கத்தில் அவர் மெர்க்லினின் 'இன்சைடர்' கழகத்தில் சேர்ந்துவிட்டார். 1993இல் தொடங்கிய கழகம். சந்தா கட்டினால் வருடா வருடம் ஒரு பெட்டி சந்தாவோடு சேர்ந்தே வரும், 1:87 அளவா (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) 1:220 அளவா என்று நாமே தெரிவு செய்யலாம், கடையில் அதை விற்பதில்லை. சித்தப்பாவுக்கு வருவது, கோணேசர் கோவிலுக்கென்று ஊருக்கு வருகிற யாராவது ஒருவரின் சூட்கேசில் சொக்லேட்டுக்கும் சேர்ட்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு என்னிடம் வந்து சேரும். இப்போது ஒன்பது ஆகிவிட்டது.

முதல் பெட்டி வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது ஹோர்ன்பி என்ற பிரித்தானியக் கொம்பனியின் தண்டவாளம், ஒரு சின்ன வட்டம். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்ததுதான், எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கினால் ஓடுகிறது, வைத்தால் நிற்கிறது. பழுதான சாமானை அனுப்பிவிட்டார்களோ என்று இரவு முழுக்க மனம் கேட்கவில்லை. காலையில் சித்தப்பா போனில் விளக்கினார். மெர்க்லினில் மின்சாரம் நடுவிலே இருக்கும் சின்னக் குமிழ்கள் வழியாக வரும், இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தின் ஒரே முனைதான், அதனால் சில்லுக்கும் சில்லுக்கும் இடையில் மின்காப்பு தேவையில்லை. ஹோர்ன்பியில் ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். இரும்பு அச்சோடு அந்தச் சில்லு இரண்டிலும் உட்கார்ந்தால் ஷோர்ட் ஆகாமல் என்ன செய்யும்!

அடுத்த தடவை காப்புப் போட்ட சில்லுச் சோடிகளை அனுப்பினார். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, சட்டத்தை நகத்தால் கொஞ்சம் விரித்தால் அச்சு கழன்று வரும், புதிதை வைத்தால் 'டிக்' என்று உட்காரும். கழற்றிய பழைய சில்லுகளைச் சின்ன உறையில் போட்டு அதே பெட்டியின் அட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கொக்கியும் இரண்டு கொம்பனிக்கும் ஒத்துவராது, அதனால் ஒரு சாதாரணப் பெட்டிக்கு மட்டும் முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் வேறு கொக்கி என்று மாட்டி நடுவில் விடுகிறேன்.

அப்புறம் எங்கள் ஊரின் உப்புக் காற்று. இரண்டு மழைக்காலம் போனதும் ஒரு அச்சின் நுனியில் துரு கண்டேன். இப்போது ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஈரம் உறிஞ்சும் மணிப் பை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பொஞ்சை நம்பாதீர்கள், நாளாக அது பிசுபிசுத்துப் பெயின்ரில் ஒட்டிவிடும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பாலையூற்றில் இருக்கும் ஒரு ஐயா, ரயில்வேயில் கார்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர், மகளின் கல்யாணக் கார்ட் கொடுக்க வீட்டுக்கு வந்தார். சீனக்குடாவில் மா ஏற்றிய வண்டிகளோடு கல்ஓயாச் சந்தி வரை எத்தனையோ இரவு போனவர். மேசையில் பெட்டிகளைக் கண்டதும் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். வர்ணத்தைப் பார்க்கவில்லை. திருப்பி அடியைத்தான் பார்த்தார். "தம்பி, இதுக்குக் கை பிரேக் எங்க?" என்று கேட்டு அவரே கண்டுபிடித்து, விரல் நுனியால் தொட்டார். பிறகு குனிந்து தண்டவாளத்தை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "பாதை ஒடுக்கமாக் கிடக்கே" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சரியாகத்தான் சொன்னார். எங்கள் நாட்டு ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435. 1:87இல் மாடல் தண்டவாளம் 16.5, எங்கள் பாதையை அதே அளவில் செய்தால் 19.3 வரும். மூன்று மில்லிமீற்றர்கூட இல்லாத வித்தியாசத்தை ஒரு பார்வையில் பிடித்துவிட்டார் மனுசன்.

—

உப்புவெளியிலிருந்து:

என்னுடையது கசப்பான கதை. பாக்மன் என்ற மாடல் ரயில் கொம்பனியின் கழகத்து அங்கத்தவர் பெட்டி ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கினேன். மேல் உடம்பு புத்தம் புதிது, அட்டையும் சரி. ஆனால் சில்லின் ஓடுபகுதியில் கறுப்பு வளையம், கொக்கி தேய்ந்து பளபளக்கிறது. வேறொரு பழைய பெட்டியின் அடிச்சட்டத்தில் கழக உடம்பை மாட்டி அனுப்பியிருக்கிறார். இந்தக் கழகப் பெட்டிகள் பலவும் கடையில் கிடைக்கும் பெட்டிகளின் அதே வார்ப்பில் வந்தவை, எழுத்தும் வர்ணமும் மட்டும்தான் வேறு, ஆகவே மாற்றுவது சுலபம். வாங்கமுன் அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அண்ணை, உங்களிடம் ஒன்று கேட்க வேணும்: சில்லு மாற்றினால் சேகரிப்பில் மதிப்புக் குறையாதா?

—

நிலாவெளியிலிருந்து:

வீட்டில் இடமில்லை, அதனால் நான் 9 மில்லிமீற்றர் தண்டவாளம். அந்த அளவுக்காரர்களுக்கான பிரித்தானியாவின் 'என் (N) கேஜ் சொசைட்டி'யில் அங்கத்தவராக இருக்கிறேன், 1967இல் தொடங்கியது. அவர்களுடைய பெட்டிகளில் சில நாமே ஒட்டிச் செய்ய வேண்டியவை. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டிய பெட்டியை நான் யாருக்கும் விற்கமாட்டேன்.

—

உப்புவெளித் தம்பிக்கு: பழைய சில்லு கைவசம் இருந்தால் குறையாது, அதனால்தான் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்பதையும் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரி. இன்னொரு செய்தி. சித்தப்பாவுக்கு இப்போது கண் பார்வை குறைவு, அதனால் அடுத்த வருடத்திலிருந்து நானே அங்கத்தவராகச் சேரப்போகிறேன். ஜேர்மனியிலிருந்து நேரடியாகத் திருமலைக்குப் பொதி எடுத்தவர்கள் யாராவது இருந்தால், சுங்கத்தில் என்ன கேட்டார்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதுங்கள். கார்ட் ஐயா சனிக்கிழமை வருகிறார், 19.3இல் ஒரு முழத் துண்டு தண்டவாளம் கையால் போட்டுப் பார்க்கப் போகிறோம்.