மாற்றுச் சிறுநீரகமும் வைரஸ் தொற்றும்: திருகோணமலையில் நாங்கள் கண்டவை

உப்புவெளியிலிருந்து:

என் கணவருக்கு அவருடைய அக்காதான் சிறுநீரகம் கொடுத்தார். சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. முதல் சில மாதங்கள் வல்கன்சிக்ளோவிர் குளிசையும் சேர்த்துத் தந்தார்கள். சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., தலைதூக்காமல் இருக்கத்தான் அது. நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து கிடக்கும் கிருமி. சுகதேகிகளை ஒன்றும் செய்யாது. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன் கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்களே, அந்த நேரம் பார்த்து எழும்பும்.

அவருக்கு அந்தத் தடுப்புக் குளிசையை நிறுத்திய பிறகுதான் வந்தது. மாரிகாலம். காய்ச்சல் பெரிதாக இல்லை. சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, பிறகு விடாத வயிற்றோட்டம். இரத்தத்தில் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கியிருந்தன. ஊரெல்லாம் டெங்கு என்பதால் பார்த்தவர்கள் எல்லோரும் டெங்கு என்றே நினைத்தார்கள். குறை சொல்ல முடியாது, இரண்டிலும் இதே எண்கள்தான் இறங்கும். டெங்கு இல்லையென்று முடிவு வந்ததும் இங்குள்ள வைத்தியர் கண்டி கிளினிக்குக்கு நேரே போன் எடுத்துப் பேசினார். அந்த ஒரு அழைப்புக்கு நான் அவருக்கு என்றும் கடன்பட்டவள். வைரஸ் அளவைக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனையில் சி.எம்.வி. என்று தெரிந்தது.

வயிற்றோட்டத்தோடு குளிசை சரியாகச் சேராது என்று, அதே வகை மருந்தான கன்சிக்ளோவிரை 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றினார்கள். தேறியபின் வல்கன்சிக்ளோவிர். அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இந்த மருந்தும் வெள்ளணுவைக் குறைக்கும், மைக்கோபினோலேட்டும் குறைக்கும். அதனால் மைக்கோபினோலேட்டைக் குறைத்தார்கள். எனக்கு நித்திரை போனது அப்போதுதான். கூடுதலாகக் குறைத்தால் அக்கா தந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடலாம், குறைக்காவிட்டால் வைரஸ் அடங்காது. போதாததற்கு, வயிற்றோட்டத்தில் டாக்ரோலிமஸ் அளவு இரத்தத்தில் ஏறவும் செய்யும். இந்தக் கணக்கை வீட்டில் வைத்துப் போட முடியாது. தயவுசெய்து எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில், காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். கண்டிக்கு விடியற்காலை பஸ் ஏறுகிற பலர் பழக்கத்தில் வீட்டிலேயே விழுங்கிவிடுகிறார்கள். அன்றைய அளவு பிழையாகக் காட்டும். குளிசையைப் பையில் கொண்டுபோங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

சகோதரி, எனக்கு வந்தது பி.கே. வைரஸ். அதுவும் பலர் உடம்பில் சும்மா கிடந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது எழும்பி மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கிருமி. ஒரு நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியட்டினின் மட்டும் ஒவ்வொரு கிளினிக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. உடம்பு உறுப்பைத் தள்ளினாலும் கிரியட்டினின் இப்படித்தான் ஏறுமாம். அதற்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், இந்த வைரஸுக்குக் குறைக்க வேண்டும். அதனால்தான் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்துப் பார்த்தார்கள். சி.எம்.வி.க்கு இருப்பதுபோல் பி.கே.க்கு நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைத்து, உடம்பே அதை அடக்க விடுவதுதான் சிகிச்சை. அல்ஹம்துலில்லாஹ், வைரஸ் இறங்கிவிட்டது. ஆனால் கிரியட்டினின் பழைய இடத்துக்கு வரவில்லை. "ஆள் நல்லாத்தானே இருக்கிறேன்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சாம்பல்தீவிலிருந்து:

எங்கள் வீட்டில் அக்காவின் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான் (சின்னம்மை), வந்தது. வேப்பிலை வைத்து வீட்டோடு இருப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் சிறுநீரகம் மாற்றிய தம்பியும் அதே வீட்டில், அவனுக்கு முன்பு வந்ததும் இல்லை. அம்மா வேப்பிலையும் வைத்தார், அன்றே கிளினிக்குக்குச் சொல்லவும் வைத்தார். தம்பியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம், அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து கொடுத்தார்கள், அவனுக்கு வரவில்லை. இந்த நோய்க்கான தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ், உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பொதுவாகப் போட மாட்டார்கள். போடுவதானால் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். உறுப்புக்காகக் காத்திருப்பவர்கள் இப்போதே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.