டெபுஸி: கேட்டவர்கள், வாசித்தவர்கள், தேடிப் போனவர்கள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோத் டெபுஸியின் (1862–1918) இசை உங்களுக்கு எங்கே, எப்படி அறிமுகமானது என்று எழுதுங்கள். ‘கிளேர் த லூன்’ (‘நிலவொளி’ என்ற அவருடைய பியானோ இசை) பிடிக்கும் என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட வேண்டாம். அது எல்லோருக்கும் பிடிக்கும். பிடிக்காதவர்களும் தாராளமாக எழுதலாம்.

பியானோ ஆசிரியை, கோவை

என்னிடம் பியானோ கற்க வரும் பெரியவர்களில் பலர் முதல் நாளே கேட்பது அந்த ‘கிளேர் த லூன்’தான். மனம் போன போக்கில் வாசிக்க வேண்டிய இசை அது என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். பெடலில் வைத்த காலை எடுப்பதில்லை. தாளம் எங்கேயோ போய்விடுகிறது. நான் அச்சுப் பிரதியைத் திறந்து வைப்பேன். ஒன்பது-எட்டு தாளம். வேகத்தைச் சற்று நெகிழ்த்திக்கொள்ளலாம் என்னும் ‘டெம்போ ருபாட்டோ’ குறிப்பு 15-ஆவது பாரில், அதாவது தாளக் கட்டத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பதை எண்ணித்தான் வாசிக்க வேண்டும். சுரங்கள் ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்கு நீட்டிப் பிடிக்கப்படுவதால், அழுத்தம் விழும் என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. அந்த மிதப்பு கணக்கில் பிறப்பது. எண்ணாமல் வாசித்தால் தடுமாற்றம் மட்டுமே மிஞ்சும்.

டெபுஸி பியானோவுக்கு வந்த கதையைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தந்தை பீங்கான் கடை வைத்து, அது ஓடாமல் மூடியவர். 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியில் சேர்ந்து சிறைப்பட்டார். அங்கே ஷார்ல் த சிவ்ரி என்ற இசைக்கலைஞரின் பழக்கம் கிடைத்தது. சிவ்ரியின் தாயார் மோத்தே அம்மையார், தாம் ஷோப்பேனிடம் பயின்றவர் என்று சொல்லிக்கொண்டவர். அவர்தான் அந்தக் கைதியின் பையனுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தார். 1872-இல், பத்து வயதில், பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மையாரின் மருமகன் யார் தெரியுமா? கவிஞர் வெர்லேன். ‘கிளேர் த லூன்’ என்ற தலைப்பே அவருடைய கவிதையிலிருந்து எடுத்ததுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸ் புறநகர்

ஆர்இஆர் ‘ஏ’ புறநகர் ரயில் தடத்தின் ஒரு கிளை சான் ஜெர்மான் ஆன் லே ஊரில் முடிகிறது. வேலை நிமித்தம் அந்தப் பக்கம் அடிக்கடி போவேன். டெபுஸி பிறந்த வீடு ‘ரூ ஓ பேன்’ தெருவில், 38-ஆம் இலக்கம். மேலே ஆசிரியை சொன்ன பீங்கான் கடை இருந்த இடம் அதுதான். இப்போது அருங்காட்சியகம். குடும்பம் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. பிள்ளைக்கு நடக்கும் வயது வந்தபோதே கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே அவர் ஓடி விளையாடிய வீடு என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள்.

ஆனால் உள்ளே இரண்டு பொருள்கள் பார்க்கத் தக்கவை. ஒன்று, அவர் மேசையில் வைத்திருந்த மரத் தேரை. தம்முடைய ‘பெலியாஸ்’ ஆப்பேராவில் வரும் கிழட்டு அரசன் ஆர்க்கெலின் பெயரை அதற்கு வைத்திருந்தார். பயணம் போகும்போதும் கூடவே எடுத்துச் செல்வாராம். மற்றது, தங்க மீன்கள் வரைந்த ஜப்பானிய அரக்குப் பலகை. ‘தங்க மீன்கள்’ என்ற பியானோ இசைக்குத் தூண்டுதல் அதுவே. இசையைக் கேட்டுவிட்டுப் பலகையைப் பாருங்கள். மீன்கள் துள்ளித் திமிறுகின்றன. குளத்தங்கரையில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கும் மீன்கள் அல்ல.

கல்லறை ட்ரோக்கடேரோ அருகே பாஸி மயானத்தில் இருக்கிறது. முதலில் அடக்கம் செய்தது பெர் லாஷேஸில். 1918 மார்ச் 23 முதல் ஜெர்மானியரின் நெடுந்தூரப் பீரங்கி பாரிஸ் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தது. பல வருடமாகப் புற்றுநோயோடு கிடந்தவர் 25-ஆம் திகதி இறந்தார். குண்டுகளுக்கு நடுவே வெறிச்சோடிய வீதிகளில் ஊர்வலம் போனது. மயானம் வரை வந்தவர்கள் மிகச் சிலர். என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சு நண்பர் இதை அதிசயம் போலச் சொன்னார். எனக்கு அதிசயமாக இல்லை. ஷெல் விழும் நாளில் பிரேதத்தை எடுத்தால் யார் வருவார்கள், யாரால் வர முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மகள் சுஷுவும் பாஸியில்தான் இருக்கிறாள். அவளுக்காக 1908-இல் ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ எழுதியவர், அதன் முகப்பில், அப்பா என்ற முறையில் அவளிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். தகப்பன் போன மறுவருடம், 1919 ஜூலையில், தொண்டை அடைப்பான் நோயில் அவளும் போய்விட்டாள். வயது 13.

வயலின் கலைஞர், சென்னை

முன்னவருக்குப் பிறகு ராக லட்சணம் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். 1910-இல் வந்த பிரெலூட் (சிறு பியானோ இசை) தொகுதியில் இரண்டாவதான ‘வுவால்’ கேட்டபோது என் காதில் விழுந்தது கோப்ரியா ராகம். ரிஷபப்ரியாவின் ஜன்யம், பஞ்சமம் கிடையாது, ஆறு சுரங்கள். அடுத்தடுத்த எந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. அதனால் கிரக பேதம் செய்தால் எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் திரும்பவும் கோப்ரியாவே வரும். நம் கச்சேரிகளில் இது அபூர்வம். கைக்குப் பிடிமானம் இல்லாத ராகம் என்பது என் எண்ணம். டெபுஸிக்கு வேண்டியிருந்தது அந்தப் பிடிமானமின்மையேதான். இருந்தும் அந்தரத்தில் விட்டுவிடவில்லை: அடியில் பி-ஃப்ளாட் சுரம் தம்புராவைப் போல விடாமல் கேட்கிறது. நடுவில் சில பார்களுக்கு மட்டும் கறுப்புக் கட்டைகளுக்குத் தாவுகிறார். ஜன்னலைத் திறந்ததுபோல் என்று எழுத வந்தேன்; வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

1903-இல் வந்த ‘பகோடாக்கள்’ நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அதன் தொடக்கம் மோகனத்தின் ஐந்து சுரங்கள். உடனே ‘நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்’ என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஜாவாவிலிருந்து கலைஞர்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய கமெலான் இசையைக் கேட்டு அவர் மயங்கிப்போனது ஊரறிந்தது. கீழே பெரிய காங் நிதானமாக ஒலிக்க, மேலே போகப் போகச் சுரங்கள் துரிதமாவது கமெலான் முறை. ‘பகோடாக்க’ளிலும் அதுவே நடக்கிறது. ஆறு சம இடைவெளிச் சுரங்களையோ அவருக்கு முன்பே ரஷ்யாவில் கிளிங்கா கையாண்டுவிட்டார். மோகனம் என்று நாம் கேட்பது நம் காதின் பழக்கம். அதில் தப்பில்லை, உரிமை கொண்டாடாதவரை.

ரசிகர், லண்டன்

என்னுடையது குறை. இங்கே ஓர் அரங்கில் ‘லா மேர்’ வாசித்தார்கள். வாத்தியக் குழுவுக்குப் பின்னால் பெரிய திரையில் கடல் அலைகளை ஓடவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். டெபுஸி இந்தக் கடல் இசையை 1903-இல் எழுதத் தொடங்கியது கடலே இல்லாத புர்கோன் பகுதியில். அச்சுப் படிகளைத் திருத்தியது மட்டும் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரையில். அச்சுப் பிரதியின் அட்டைக்கு அவர் விரும்பியது ஹொகுசாயின் அலை, அதாவது நிஜ அலையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஓர் அலை. முதல் பகுதியின் நடுவில் செல்லோக்கள் மட்டும் பல பிரிவுகளாகப் பிரிந்து எழும் இடத்துக்கு 16 செல்லோக்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எனக்கு அதைக் கேட்க வேண்டும், காணொளி எதற்கு?

1905 அக்டோபரில் முதன்முதலில் வாசித்தபோது பாரிஸிலும் வரவேற்பு இல்லை. டெபுஸி விட்டுப் போன முதல் மனைவி லில்லி முந்தைய ஆண்டு தன்னைத் தானே சுட்டுக்கொண்டு பிழைத்திருந்தார். ஊர் லில்லி பக்கம் நின்றது. விமர்சகர் லாலோ, கடலைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, முகரவும் இல்லை என்று எழுதினார். இன்றைக்கு அந்த அரங்குக்காரர்கள் அவருக்காகத்தான் திரை கட்டினார்களோ என்னவோ. முதல் பகுதியின் பெயர் ‘கடலில் விடியலிலிருந்து நண்பகல் வரை’. அதில் பதினொன்றுக்குக் கால் மணி இருக்கையில் வருகிற இடம் ரொம்பப் பிரமாதம் என்று இசையமைப்பாளர் எரிக் சத்தி சொன்னதாக ஒரு வேடிக்கை உண்டு.

டெபுஸியே வாசித்த பதிவு ஏதாவது இருக்கிறதா? ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும்.

பியானோ ஆசிரியை, கோவை

இருக்கிறது. 1904-இல் பாடகி மேரி கார்டனுக்குப் பியானோ வாசித்த சில கிராமபோன் தட்டுகள், ஒரே இரைச்சல். அதன் பிறகு வெல்டே-மிஞ்ஞோன் நிறுவனத்துக்காக, தானே வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள்களில் பதிந்தவை. சுருளில் ‘மூழ்கிய தேவாலயம்’ என்ற பியானோ இசையை அவசியம் கேளுங்கள். அச்சில் இருக்கும்படி வாசித்தால் நடுவே சில இடங்கள் ஊர்ந்து நகரும். பல பிரபலங்கள் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள். டெபுஸி அதே இடங்களை இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கிறார், அப்படிச் செய்ய அச்சில் எந்தக் குறிப்பும் கிடையாது. நான் அவர் வாசித்தபடியே சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுக்குப் போகிறவர்களிடம் மட்டும், தேர்வாளர் கேட்டால் இந்தச் சுருளின் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.